எங்கள் சைட்டில் வெள்ளை ஹெல்மெட்

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த சைட்டில் ஒருவருடைய தலையைப் பார்த்தே சம்பளத்தை உத்தேசமாகச் சொல்லிவிடலாம். மஞ்சள் ஹெல்மெட் என்றால் ஹெல்பர், மேசன், கம்பி கட்டுகிறவர். நீலம் என்றால் எலக்ட்ரீஷியன், பிளம்பர். பச்சை சேஃப்டி. வெள்ளை என்றால் எஞ்சினியர், அல்லது மாதத்துக்கு ஒருமுறை ஏசி வண்டியில் வந்து இறங்கி, ஷூவில் மண் படாமல் பத்து நிமிடம் சுற்றிவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவர். நான் டிப்ளமோ சிவில். போன மூன்றாவது வருடம் சூப்பர்வைசர் ஆக்கி வெள்ளை ஹெல்மெட் கொடுத்தார்கள். அன்றைக்கு எடுத்த போட்டோவை அப்பா பிரிண்ட் போட்டு டிவிக்கு மேலே மாட்டினார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதனால் முஅல்லிம் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, "எங்கள் ஊரில் இப்போது பெயின்டர்தான் வெள்ளை ஹெல்மெட் போடுகிறான், தெரியுமா முஹந்திஸ்?" என்று கேட்டபோது, கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

முஅல்லிம் எங்கள் பூச்சு வேலை ஃபோர்மேன். சிரியாக்காரர், இத்லிப் பக்கத்துக் கிராமம். நம் ஊரில் மேஸ்திரி என்று கூப்பிடுகிற மாதிரி அங்கே தொழில் தெரிந்தவரை முஅல்லிம் என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் ஏதோ பச்சைத் தழையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, இரும்பு ஸ்ட்ரா வைத்து நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருப்பார். மாத்தே என்று பெயராம். நான் ஒருமுறை குடித்துப் பார்த்தேன், வேப்பங்கொழுந்துக் கஷாயம் தோற்றது. அவர் என்னை முஹந்திஸ், அதாவது எஞ்சினியர் என்றுதான் கூப்பிடுவார். டிப்ளமோதான் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார்.

அவருடைய பெரிய திறமை காதில் இருந்தது. பூச்சு காய்ந்த சுவரைப் பிடித்துக்கொண்டு, கரண்டியின் கைப்பிடியால் ஒரு சாணுக்கு ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே போவார். எங்கேயாவது பூச்சு சுவரைப் பிடிக்காமல் உள்ளே பொள்ளலாக நின்றால் சத்தம் மாறும். எனக்கு எல்லாம் ஒரே டொக் டொக்தான். அவர் சட்டென்று நிற்பார், சாக்பீஸால் வட்டம் போடுவார், "இதை உடை" என்பார். உடைத்தால் உள்ளே விரல் போகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். ஒருநாளும் தப்பியதில்லை.

சரி, பெயின்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

2011 மார்ச்சில் சிரியாவில் போராட்டம் ஆரம்பித்தது. 2012 கோடையில் அலெப்போ நகரின் கிழக்குப் பாதி அரசாங்கத்தின் கையை விட்டுப் போனது. அரசாங்கம் ஒரு பகுதியை இழந்தால் போலீஸ் மட்டும் போவதில்லை. தீயணைப்பு வண்டி போகும், ஆம்புலன்ஸ் போகும், பொக்லைன் ஓட்டுகிறவரின் சம்பளம் போகும். அந்த நேரம் பார்த்துத்தான் வானத்திலிருந்து விழவும் ஆரம்பித்தது. எண்ணெய் பீப்பாய்க்குள் வெடிமருந்தும் இரும்புத் துண்டுகளும் அடைத்து ஹெலிகாப்டரிலிருந்து உருட்டி விடுவார்கள். பீப்பாய்க் குண்டு. குறி பார்த்தெல்லாம் போட முடியாது, விழுகிற இடத்தில் விழும். நாலு மாடிக் குடியிருப்பின் மேல் விழுந்தால் நாலு மாடியும் கீழே வரும்.

உள்ளே மாட்டிக்கொண்டவர்களை யார் எடுப்பது? தெருக்காரர்கள்தான். கையால், கடப்பாரையால், கார் ஜாக்கியால். பேக்கரிக்காரர், தையல்காரர், பள்ளிக்கூட வாத்தியார், கொல்லர், படிப்பை விட்ட மாணவர்கள். ஏற்கெனவே தீயணைப்பில் இருந்த சிலரும் ஊரை விட்டுப் போகாமல் இவர்களோடு சேர்ந்தார்கள். 2013-ல் அலெப்போவிலிருந்து இருபது சொச்சம் பேர் எல்லை தாண்டித் துருக்கிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார்கள். ஏற்பாடு செய்தவர் ஜேம்ஸ் லெ மெஷூரியர் என்ற முன்னாள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. கற்றுக்கொடுத்தது அக்குட் என்ற துருக்கியத் தன்னார்வ மீட்புக் குழு. 1999 நிலநடுக்கத்தில் பேர் வாங்கிய குழு அது. ஆக, நிலநடுக்கத்துக்காக உருவான வித்தையைத்தான் குண்டு விழுந்த வீட்டில் பயன்படுத்தப் படித்துக்கொண்டு திரும்பினார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2014 அக்டோபரில் ஊர் ஊராக இருந்த குழுக்களின் தலைவர்கள் கூடி ஒரே அமைப்பாக்கினார்கள். யாரைக் காப்பாற்றுகிறோம், அவன் எந்தப் பக்கம் என்று பார்க்கமாட்டோம் என்பது அவர்கள் ஒத்துக்கொண்ட விதி. தலைவராக வந்த ராயித் அல் சாலிஹ் அதற்குமுன் எலக்ட்ரானிக் சாமான் விற்றுக்கொண்டிருந்தவர். ஒரு உயிரைக் காப்பாற்றியவர் மனித குலம் முழுவதையும் காப்பாற்றியவர் போலாவார் என்ற குர்ஆன் வசனத்தைத் தங்கள் வாசகமாக வைத்துக்கொண்டார்கள். உலகம் அவர்களை வெள்ளை ஹெல்மெட்காரர்கள் என்றது. ஆனால் ஊரில் அப்படிச் சொல்லமாட்டார்கள், 'திஃபா மதனி' என்பார்கள் என்றார் முஅல்லிம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திஃபா மதனி என்றால் சிவில் டிஃபென்ஸ். வளைகுடாவில் கட்டிட வேலை பார்த்த எவருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஃபயர் பம்ப், ஸ்பிரிங்க்ளர், அவசர வழி எல்லாம் பார்த்து அவர்கள் சான்றிதழ் கொடுத்தால்தான் கட்டிடத்தை ஒப்படைக்க முடியும். அவர்கள் வருகிற நாளுக்கு முந்தின இரவு நாங்கள் யாரும் தூங்கியதில்லை. எங்களுக்கு அது ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. அவருக்கு அது அம்மா இருக்கிற தெருவில் ஓடுகிற பழைய வேன்.

அந்தத் தொண்டர்களுக்கு மாதம் 150 டாலர் உதவித்தொகை கிடைத்தது. நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன், 550 திர்ஹம். எங்கள் சைட்டில் புதிதாக வருகிற ஹெல்பருக்கு அப்போது 700.

முஅல்லிம் சாப்பிட்டு முடித்ததும் நிழல் வலைக்குக் கீழே உட்கார்ந்து போனில் காணொளி பார்ப்பார். சத்தத்தோடு பார்ப்பார், அதனால் நாங்களும் பார்த்தோம். மற்றவர்கள் பார்ப்பது குழந்தையை, ரத்தத்தை, அழுகிற தாயை. நான் ஒத்துக்கொள்கிறேன், எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஸ்லாப். தொழில் புத்தி. அந்த ஊர்ப் பக்கம் மாடி வீடுகளில் தளத்துக்கு இடையிடையே ஹாலோ பிளாக் அடுக்கி, நடுவில் ஒடுக்கமான பீம்கள் ஓடவிட்டு, மேலே மெல்லிசாக கான்கிரீட் போடுகிற வழக்கம் உண்டு. ஹோர்டி ஸ்லாப் என்போம். கனம் குறைவு, செலவு குறைவு, வெயிலுக்கும் நல்லது. உடைந்தால்தான் தொல்லை. பிளாக்குகள் நொறுங்கி மாவாகிவிடும். அந்தக் காணொளிகளில் எல்லாரும் தலையிலிருந்து கால்வரை ஏன் வெள்ளையாக இருக்கிறார்கள் என்று கேட்டால், இதுவும் ஒரு காரணம். சிமெண்ட் மாவு மூக்கிலும் வாயிலும் அடைத்துக்கொள்ளும். கான்கிரீட் நசுக்கிச் செத்தவர்கள் ஒரு பக்கம், தூசியில் மூச்சு முட்டிச் செத்தவர்கள் இன்னொரு பக்கம்.

தளங்கள் எப்படி விழுந்திருக்கின்றன என்பதுதான் முதல் கேள்வி. தோசை அடுக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிட்டால் இடமே இல்லை. ஒரு பக்கம் பீமில் தொங்கிக்கொண்டு மறுபக்கம் சரிந்து நின்றால் அடியில் முக்கோணமாக ஒரு பொந்து கிடைக்கும். ஆள் உயிரோடு இருந்தால் பெரும்பாலும் அந்த மாதிரிப் பொந்தில்தான். அதற்குப் போக வழி பண்ண வேண்டும். பொக்லைன் வைத்து மேலிருந்து வாரினால் அதிர்வில் பொந்து மூடிக்கொள்ளும். அதனால் கையால். சம்மட்டியால் ஒரு ஆள் நுழைகிற ஓட்டை போட்டு, உடைந்த கல்லைப் பக்கெட்டில் அள்ளி, நாங்கள் கான்கிரீட் சட்டி கை மாற்றுவோமே, அதே மாதிரி வரிசையாக நின்று வெளியே கடத்துவார்கள். கம்பியை வெட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். சில இடத்தில் அந்த ஒரு கம்பிதான் முழு ஸ்லாப்பையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு நடுவில் ஒருவர் கையைத் தூக்குவார். ஜெனரேட்டரை நிறுத்துவார்கள். எல்லாரும் வாயை மூடுவார்கள். ஒருவர் கான்கிரீட்டில் காதை வைத்துக்கொண்டு கூப்பிடுவார், தட்டுவார், காத்திருப்பார். நான் பார்த்த காணொளிகளில் என்னை அதிகம் கலங்கடித்தது இந்த இடம்தான், அழுகை வருகிற இடங்கள்கூட இல்லை. ஏனென்றால் அந்த அமைதி அவர்கள் கையில் இல்லை. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மேலே ஹெலிகாப்டர் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே இருக்கிறவரின் முனகலைக் கேட்க வேண்டும், மேலே இருக்கிறதன் சத்தம் நெருங்குகிறதா என்றும் கேட்க வேண்டும்.

ஆளைக் கண்டுபிடித்ததும் இழுத்துவிடவும் முடியாது. பல மணி நேரம் கால் நசுங்கிக் கிடந்தவர் மேலிருந்து பாரத்தை எடுத்தவுடன், செத்த தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயம் நின்றுபோகலாம். பாரத்தைத் தூக்குவதற்கு முன்பே சலைன் ஏற்ற வேண்டும். பேக்கரிக்காரரும் தையல்காரரும் இதையெல்லாம் கற்றுக்கொண்டார்கள்.

முஅல்லிம் சொன்ன பெயின்டரின் பெயர் காலித் உமர் ஹர்ரா. அலெப்போக்காரர். வீடுகளுக்குப் பெயின்ட், அலங்கார வேலை செய்தவர். 2014 ஜூலையில் பிறந்து சில நாள்களே ஆன ஒரு குழந்தை இடிபாட்டுக்குள் மாட்டிக்கொண்டது. பல மணி நேரம் தோண்டினார்கள். கடைசியில் ஓட்டைக்குள் கையை விட்டு மெதுவாக, தலையை முதலில், வெளியே எடுக்கிற அந்தக் காணொளி உலகம் பூராவும் போனது. முஅல்லிம் அதை எத்தனை தடவை பார்த்தார் என்று கணக்கில்லை. "கையைப் பாருங்கள் முஹந்திஸ். பூச்சின்மேல் கடைசி கோட் இழுக்கிற கை இது. வேகமாக இழுத்தால் கெட்டுப்போகும் என்று தெரிந்த கை" என்பார். காலித் 2016 ஆகஸ்டில் அலெப்போவிலேயே மீட்பு வேலையின்போது கொல்லப்பட்டார்.

இன்னொரு காணொளி பார்க்கும்போது முஅல்லிம் பேசாமல் இருந்தார். திரும்ப ஓட்டினார். நிறுத்தினார். இரண்டு விரலால் பெரிசாக்கினார். இடிந்த கட்டிடம் ஒன்றில் ஒரு சுவர் மட்டும் நின்றுகொண்டிருந்தது, மூன்றாம் மாடி உயரத்தில், ஒரு அறையின் பச்சை நிற உள்சுவர். "இது நான் பூசியது" என்றார். கிழக்கு அலெப்போவில் அவர் வேலை பார்த்த கட்டிடமாம். ஒரு நிமிடம் கழித்து, "நிற்கிறது பாருங்கள்" என்றார். அந்தக் குரலில் இருந்தது துக்கமா பெருமையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டாவது குண்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. முதல் குண்டு விழும். புகை அடங்குவதற்குள் தொண்டர்கள் வந்து சேர்வார்கள், தெருக்காரர்கள் கூடுவார்கள். சில நிமிடங்களில் அதே விமானம், அல்லது இன்னொன்று, அதே இடத்தில் மறுபடி போடும். முதல் குண்டு வீட்டுக்காரர்களுக்கு, இரண்டாவது காப்பாற்ற வருகிறவர்களுக்கு. உலகத்தின் சட்டப் புத்தகத்தில் இவர்களுக்கு ஒரு பாதுகாப்புச் சின்னமே இருக்கிறது. ஆரஞ்சு சதுரத்துக்குள் நீல முக்கோணம், 1977-ல் ஜெனீவா உடன்படிக்கையோடு சேர்த்த கூடுதல் நெறிமுறை. அதைத் தாங்கியவர்களைத் தாக்கக்கூடாது. சிரியாவில் தலையில் வெள்ளை மாட்டியிருப்பது மேலிருந்து பார்க்கிறவனுக்கு அடையாளம் காட்டத்தான் உதவியதோ என்று தோன்றும். 250-க்கு மேற்பட்ட தொண்டர்கள் போரில் செத்தார்கள். எல்லாரும் குண்டிலும் இல்லை. 2017 ஆகஸ்டில் இத்லிபின் சர்மீன் ஊரில் அவர்களுடைய நிலையத்துக்குள் புகுந்து யாரோ ஏழு பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

விமானத்துக்கு முன்னால் ஓட ஒரே வழி, அது கிளம்பும்போதே தெரிந்துகொள்வது. விமானத் தளங்களுக்குப் பக்கத்திலும் வழியிலும் ஆள்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கத்துக்குத் துணையாகக் குண்டு போட்ட ரஷ்யாவின் விமானத் தளம் ஹமைமீம். அங்கிருந்து ரஷ்ய விமானம் கிளம்பியது, இந்தத் திசை என்று வாக்கிடாக்கியில் சொல்வார்கள். 2016 முதல் அதையே கம்ப்யூட்டரில் ஏற்றி, வேகத்தையும் திசையையும் வைத்து எங்கே எப்போது போய்ச் சேரும் என்று கணித்து, டெலிகிராமில் அனுப்புகிற ஏற்பாடும் வந்தது. கிடைப்பது சில நிமிடம். ஒரு பாட்டியைப் பாதாள அறைக்கு இறக்கப் போதும், சில சமயம் போதாது.

அந்தச் செய்திகள் ஷார்ஜாவிலும் வந்து விழுந்தன. சாரத்தில் நின்று பூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முஅல்லிமின் பாக்கெட்டில் ஒரு சத்தம் கேட்கும். எடுத்துப் பார்ப்பார். கரண்டியைக் கீழே வைப்பார். ஏழெட்டு நிமிடம் ஒன்றும் செய்யமாட்டார். அப்புறம் அம்மாவுக்குப் போன் போடுவார். "எடுத்தால் உயிரோடு இருக்கிறாள். எடுக்காவிட்டால் பாதாள அறையில் இருக்கிறாள், அங்கே சிக்னல் கிடைக்காது என்று வைத்துக்கொள்வேன்" என்று ஒருமுறை சொன்னார்.

சைட்டில் வேலை நேரத்தில் போன் பார்க்கக்கூடாது, அதுவும் சாரத்தில் கூடவே கூடாது. நியாயமான விதி. சேஃப்டி ஆள் இரண்டு தடவை வாயால் சொன்னார், மூன்றாவது தடவை எழுத்தில் எச்சரிக்கை. ஒருநாள் சம்பளம் பிடித்தம். அந்தத் தாளில் சூப்பர்வைசர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். முஅல்லிம் ஒன்றும் சொல்லவில்லை, பேனாவை வாங்கித் தானும் போட்டார். மறுநாளிலிருந்து சத்தம் கேட்டால் சாரத்தை விட்டு இறங்கி, மணல் குவியலுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

2018 பிப்ரவரி கடைசியில் திடீரென்று ஊரில் எல்லாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் சிரியா. டமாஸ்கஸுக்குப் பக்கத்திலிருந்த கிழக்கு கூத்தாவை அரசாங்கமும் ரஷ்யாவும் அடித்துக்கொண்டிருந்த நேரம். பக்கத்து வீட்டு அக்கா, என்னோடு பாலிடெக்னிக் படித்தவன், மாமா பெண், எல்லாரும் ரத்தக் குழந்தைகளின் படத்தை வைத்திருந்தார்கள். பாதிப் படம் வேறு நாட்டுடையது, வேறு வருடத்துடையது. ஆனாலும் மனசு இருந்தது. ஒரு வாரம் இருக்கும். அப்புறம் மாமா குடும்பக் குழுவில் ஒரு காணொளியைப் போட்டார். கீழே தமிழில்: "பாருங்கள், எல்லாம் நடிப்பு. ஏமாறாதீர்கள்."

அந்தக் காணொளி எனக்குத் தெரியும். இடிபாட்டில் ஒருவர் காலை மாட்டிக்கொண்டு கிடப்பார், பக்கத்தில் இரண்டு வெள்ளை ஹெல்மெட்காரர்கள் சிலை மாதிரி நிற்பார்கள், அப்புறம் சட்டென்று சத்தமும் வேலையும் ஆரம்பிக்கும். 2016 நவம்பரில் உலகம் முழுக்க மேனிக்வின் சேலஞ்ச் என்று ஒரு கூத்து நடந்ததே, எல்லாரும் உறைந்து நின்று வீடியோ எடுப்பார்கள், அது. அதைப் பயன்படுத்தி உலகத்தின் கவனத்தைச் சிரியா பக்கம் திருப்பலாம் என்று எவருக்கோ யோசனை. மகா மட்டமான யோசனை. அமைப்பே மன்னிப்புக் கேட்டது. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சில நொடிகளை வெட்டி எடுத்து, பார் நடிக்கிறார்கள் என்று ஊர் ஊராகச் சுற்றவிட்டார்கள். ரஷ்யாவின் தொலைக்காட்சிகளுக்கும் அதிகாரிகளுக்கும் இந்தக் கதை ரொம்பப் பிடித்திருந்தது. நான் மாமாவுக்கு நீளமாக விளக்கம் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் வந்தது.

நியாயமான கேள்விகள் இல்லாமல் இல்லை. பணம் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மாதிரி அரசாங்கங்களிடமிருந்து வந்தது. எதிர்ப்பாளர்கள் கையில் இருந்த பகுதிகளில் மட்டும்தான் வேலை செய்தார்கள், மறுபக்கம் அவர்களை விட்டிருக்கவும் மாட்டார்கள். சிலர் துப்பாக்கிக்காரர்களோடு நின்ற படங்கள் வந்தன, அமைப்பு ஆள்களை நீக்கவும் செய்தது. மூவாயிரம் பேர் கொண்ட எந்தக் கூட்டத்திலும் இதெல்லாம் நடக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். திட்டியவர்களும் புகழ்ந்தவர்களும் இவர்களை ஒரு படமாகத்தான் பார்த்தார்கள். 2017-ல் இவர்களைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதற்கு முந்தின வருடம் ஏப்ரலில் தலைவர் ராயித் அல் சாலிஹ் ஒரு விருது வாங்க வாஷிங்டனுக்குப் போய் இறங்கினார், விசா செல்லாது என்று விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். காசு கொடுத்த நாடுதான். முஅல்லிமுக்கு அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தார். வளைகுடாவில் இருக்கிற சிரியாக்காரருக்கு விசா கதைகளைவிடப் பெரிய நகைச்சுவை கிடையாது.

2018 ஜூலையில் தெற்கே அரசாங்கப் படை நெருங்கியபோது தொண்டர்களும் குடும்பங்களுமாக 422 பேர் ஒரே இரவில் இஸ்ரேல் கையில் இருக்கும் கோலான் மலைப்பகுதி வழியாக இஸ்ரேல் ராணுவத்தின் ஏற்பாட்டில் ஜோர்டானுக்குப் போனார்கள். அங்கிருந்து கனடா, பிரிட்டன், ஜெர்மனி. மிச்சம் பேர் வடக்கே, இத்லிபில். முஅல்லிமின் அம்மாவும் அங்கேதான்.

2023 பிப்ரவரி 6. எங்கள் நேரம் காலை ஐந்தேகால். கேம்ப்பில் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். முஅல்லிம் வரிசையை விட்டு விலகி நின்று போனைக் காதில் வைத்திருந்தார். மறுபடி விமானமா என்று கேட்டேன். "இல்லை, பூமி" என்றார்.

7.8 அளவு நிலநடுக்கம். துருக்கியின் தெற்கும் சிரியாவின் வடமேற்கும் ஒன்றாக விழுந்தன. பத்து வருடம் முன்னால் நிலநடுக்கக்காரர்களிடம் படித்துக் குண்டுக்குப் பயன்படுத்தியவர்கள், அன்றைக்குத்தான் அந்த வித்தையை அது பிறந்த காரியத்துக்கே கொண்டுபோனார்கள். ஆனால் குண்டு ஒரு தெருவில் விழும், மற்ற ஊர்க் குழு உதவிக்கு வரும். இது எல்லா ஊரிலும் ஒரே நிமிடத்தில். கான்ட்ராக்டர்களிடம் பொக்லைன் கேட்டு வாங்கினார்கள், டீசலுக்கு அலைந்தார்கள்.

துருக்கிப் பக்கம் உலகமே போய் இறங்கியது. நம் நாட்டுத் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் போனது. நூர்தாயில் ஜூலி என்ற நாய் மோப்பம் பிடித்துக் காட்ட, ஆறு வயதுச் சிறுமியை உயிரோடு எடுத்தார்கள். டிவியில் பார்த்து எங்கள் கேம்ப்பே கை தட்டியது. அங்கிருந்து நூறு கிலோமீட்டர்கூட இல்லை ஜிந்தைரிஸ், எல்லைக்குச் சிரியப் பக்கம், ஊரே தரைமட்டம். பெரிய மீட்புப் படைகள் இந்தப் பக்கம் வரவில்லை. ஐ.நா. லாரிகள் முதல்தடவை பாப் அல் ஹவா என்ற துருக்கி எல்லைச் சாவடி வழியாக உள்ளே வந்தது 9-ஆம் தேதி. அதில் இருந்தவையும் நிலநடுக்கத்துக்கு முன்பே அனுப்பத் திட்டமிட்டிருந்த தங்குமிடச் சாமான்கள், கான்கிரீட் வெட்டுகிற மெஷின் இல்லை. 12-ஆம் தேதி ஐ.நா. நிவாரணத் தலைவர் மார்ட்டின் கிரிஃபித்ஸ், வடமேற்கு சிரிய மக்கள் விஷயத்தில் தவறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் உள்ளே தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தியிருந்தார்கள். வெள்ளை ஹெல்மெட்காரர்கள் ஏறக்குறைய மூவாயிரம் பேரை உயிரோடு எடுத்திருந்தார்கள்.

அந்த வாரம் முஅல்லிம் வேலைக்கு வந்தார். அம்மா தப்பித்துவிட்டார், வீட்டின் படிக்கட்டு மட்டும் போயிற்று. சாரத்தில் நின்றுகொண்டே போனைப் பார்த்தார். சேஃப்டி ஆள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், வேறு பக்கம் நடந்துவிட்டார்.

நான் 2024-ல் ஊருக்கு வந்துவிட்டேன். டிசம்பர் 8-ஆம் தேதி சிரியாவின் அதிபர் அசாத் மாஸ்கோவுக்கு ஓடிப்போனார். அன்று மத்தியானம் வாட்ஸ்அப்பில் முஅல்லிமின் குரல்செய்தி, அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. சாயந்திரம் இன்னொன்று வந்தது, இந்தத் தடவை படம். டமாஸ்கஸுக்கு வடக்கே இருக்கும் சைத்னாயா சிறை. கதவுகளை உடைத்து ஆள்களை வெளியே விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் இன்னும் பலர் பூமிக்கு அடியில் இருக்கிறார்கள், மூன்று தளம் கீழே ரகசிய அறைகள், கதவுக்குச் சங்கேத எண் தெரியவில்லை, மூச்சுக்காற்று தீரப்போகிறது என்று செய்தி பரவிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் மலைப்பாதையில் காரை விட்டுவிட்டு நடந்தே ஏறினார்கள். சிரியாவில் காணாமல் போனவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அதில் ஒருவர் முஅல்லிமின் மனைவியின் தம்பி, 2013-ல் ஒரு செக்போஸ்டில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர். இத்தனை வருடத்தில் ஒரே ஒருமுறைதான் அதைப் பற்றி என்னிடம் பேசியிருக்கிறார்.

"முஹந்திஸ், இந்தக் கட்டிடத்துக்குக் கீழே மூன்று தளம் இருக்க முடியுமா?"

படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். மூன்று தளம் கீழே ஆள் இருக்க வேண்டுமென்றால் காற்றுக் குழாய் வேண்டும், கழிவு நீரை மேலே தள்ள பம்ப் வேண்டும், அதற்கு மின்சார லைன் வேண்டும். தரைக்கு மேலே எங்கேயாவது அதன் மூக்கு தெரிந்தாக வேண்டும். ஒரு போன் படத்தில் என்ன தெரியும்? இருக்கலாம் என்று டைப் செய்தேன். அழித்தேன். காற்றுக் குழாய் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். "திஃபா மதனி வந்துவிட்டார்கள், தேடுகிறார்கள்" என்றார்.

ஐந்து குழுக்கள் வந்திருந்தன. சுவர் உடைக்கிறவர்கள், இரும்புக் கதவு திறக்கிறவர்கள், மோப்ப நாய்கள், சிறையின் உள்வழி தெரிந்தவர்கள். அதே ஹெல்மெட், அதே சம்மட்டி. தரையை உடைத்தார்கள், சாக்கடையில் இறங்கினார்கள், காற்றுத் துளைகளில் குரல் கொடுத்தார்கள். முஅல்லிம் இரண்டு இரவு தூங்காமல் நேரலையைப் பார்த்திருக்கிறார். 10-ஆம் தேதி தேடலை முடித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். ரகசிய அறை எதுவும் இல்லை.

அடுத்த வருடம் மார்ச்சில் ராயித் அல் சாலிஹ் புதிய அரசாங்கத்தில் பேரிடர் துறைக்கு மந்திரியானார். முஅல்லிமுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் அதைப் பேசினோம், மந்திரி என்றால் இனி விசா கிடைக்கும் என்றார். அப்புறம் அவராகவே சைத்னாயாவுக்குப் போனார். அந்த ஒரு காணொளியை வைத்திருக்கிறாராம். ஹெல்மெட் போட்ட ஒருவன் ஒரு சுவரைச் சம்மட்டியால் வரிசையாக அடித்துக்கொண்டே போகிறான், கொஞ்ச தூரத்துக்கு ஓர் அடி.

"பையன் நன்றாகத் தேடினான். நான் ஒவ்வொரு அடியையும் கேட்டேன், ஹெட்போன் போட்டுக்கொண்டு. எங்கேயாவது ஒரு இடத்தில் சத்தம் மாறாதா என்று கேட்டேன். இந்த முடிவிலிருந்து அந்த முடிவு வரைக்கும் கெட்டி, முஹந்திஸ். பொள்ளலே இல்லை."